விழாக்கால உணவும் உடல் எடையும்

மேலை நாடுகளில் ஆண்டின் இறுதிப் பகுதி விழாக்கள் நிறைந்ததாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமையன்று நன்றி கூறும் நாள் வருகிறது. அதனையடுத்துக் கிறிஸ்துமசும், பின்னர்ப் புத்தாண்டும் வருகின்றன. அந்நாட்களில் உற்றாரும் உறவினரும் ஒருங்கு கூடுவர். வான்கோழி இறைச்சியும் கேக்கும் பிற இனிப்புகளும் உண்டு மகிழ்வர். வெளியிலோ கடுங்குளிர், பகற்பொழுதும் குறுகியது. ஆதலின், பலர் உலாவச் செல்லாது வீட்டினுள்ளேயே தங்கிவிடுவர். உண்பது மிகுந்து உழைப்பது குறைந்தால், எஞ்சிய ஆற்றல் கொழுப்பாக மாறி உடலிலே தங்கும். இஃது இயற்கை நியதி.

இவ்விழாக்காலத்தில் உடலின் எடை எவ்வளவு கூடுகிறது? ஐந்து பவுண்டு கூடும் என்று பலர் கருதி வந்தனர். அக்கருத்து மெய்தானா என்று அந்நாட்டு அறிஞர் சிலர் ஆராய்ந்தனர். 195 பேரை அவ்வப்போது நிறுத்துப் பார்த்து, தாம் கண்ட முடிவை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கூடிய எடை சராசரியாக 370 கிராம் அளவே. ‘இவ்வளவுதானா?’ என்று நமக்குத் தோன்றலாம். ஆனால், விழாக்காலம் கழிந்த பின்னரும் அவ்வெடை பெரும்பாலும் குறையவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. ஆண்டுதோறும் இவ்வாறே தங்குமாயின், பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 4 கிலோகிராம் சேர்ந்துவிடும். சிறு துளி பெருவெள்ளம் அன்றோ? மிகுதியான பருமன் நீரிழிவு, இரத்த அழுத்தம், நெஞ்சு நோய் முதலியவற்றிற்கு வழிகோலும்.

இதனைத் தடுக்கும் வழி யாது? இங்கிலாந்து நாட்டின் பர்மிங்காம் நகரில் 2016, 2017 ஆகிய ஆண்டுகளின் விழாக்காலங்களில் ஒரு சோதனை நடைபெற்றது. அதில் 272 பேர் கலந்துகொண்டனர். அவர்கள் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். முதற் பிரிவினர் வாரத்திற்கு இருமுறையேனும் தம் எடையைப் பார்த்துக் குறித்து வருமாறு பணிக்கப்பட்டனர். எளிய அறிவுரைகள் பத்தும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. இன்ன பண்டத்தை உண்டால், அதன் ஆற்றலைச் செலவிட இவ்வளவு நேரம் நடத்தல் வேண்டும் என்பதும் அவர்களுக்கு உணர்த்தப்பட்டது. மற்றைப் பிரிவினர் நல்வாழ்வு பற்றிய துண்டறிக்கை ஒன்றை மட்டும் பெற்றனர். முடிவில், முதற் பிரிவினரின் எடை சராசரியாக 130 கிராம் குறைந்திருந்தது. மற்றையோர் எடை 370 கிராம் கூடியிருந்தது. விருந்தைத் துறத்தல் அச்சோதனையின் விதியன்று. தம் செயலைத் தாமே கண்காணித்தலே அதன் சிறப்பு.

மாணவர்களே! முன் உண்டது செரித்தமை அறிந்து, பசித்தபின் அளவோடு உண்க என்பது திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் புகட்டும் நெறி. இன்றைய ஆராய்ச்சியும் அந்நெறிக்கு அரண் செய்கிறது. நீங்கள் வளரும் பருவத்தினர். உயரம் கூடுங்கால் எடையும் கூடுதல் இயல்பே. ஆகவே, பட்டினி கிடந்து உடலை வாட்டுதல் தகாது. விடுமுறையில் விருந்தை மெல்ல மென்று சுவைத்து உண்ணுங்கள். வயிறு நிறைந்ததும் இலையை விட்டு எழுங்கள். மாலைதோறும் ஓடி விளையாடுங்கள். விழா சில நாளில் முடியும். உடலோ வாழ்நாள் முழுவதும் நம்மோடு வரும்.