கடல்நீர்த் தொட்டி மீன்களின் வெண்புள்ளி நோயும் அதற்குரிய பரிகாரமும்

கடல் மீன்களைத் தொட்டியில் வைத்துக் கண்டு களிக்கும் வழக்கம் இந்நாட்டிற்குப் புதிதன்று. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே அதற்கென ஒரு காட்சிச்சாலை திறக்கப்பட்டது. இக்காலத்தில் செயற்கைக் கடலுப்பு கடைகளில் கிடைப்பதால், கடலுக்கு நெடுந்தூரத்திலுள்ள ஊர்களிலும் வசதியுள்ள வீடுகளில் கோமாளி மீன் முதலியவற்றை வளர்க்க இயலுகிறது. அவ்வாறு வளர்ப்போருக்குப் பெருநஷ்டம் விளைவிப்பவற்றுள் வெண்புள்ளி நோய் ஒன்று. நோயினால் வரும் நஷ்டத்தைக் காட்டிலும், நோய் நீங்கிவிட்டதென்று தவறாக எண்ணுவதனால் வரும் நஷ்டமே பெரிது.

நோய் கண்ட மீனின் உடலிலும் செட்டைகளிலும் ரவையைத் தூவினாற்போல வெண்ணிறப் புள்ளிகள் தோன்றும். மீன் தன் உடலைக் கற்களில் உராய்ந்துகொள்ளும், இரை எடுக்காது, செவுள்கள் விரைந்து அடித்துக்கொள்ளும். சில வேளைகளில் கிருமி செவுளில் மாத்திரம் பற்றியிருக்குமாதலால், புள்ளி ஒன்றேனும் காணப்படாமலே மீன் மூச்சு முட்டி இறப்பதுமுண்டு. நாலைந்து நாட்களில் புள்ளிகள் தாமே மறைந்துவிடும். வளர்ப்பவர் அக்காலத்தில் எந்த மருந்தை இட்டிருந்தாலும் அதற்கே புகழ் கிட்டும். பின்னர் ஒன்றிரண்டு வாரங்களில் முன்னிலும் பன்மடங்கு புள்ளிகள் எழுந்து, தொட்டி முழுவதும் பாழாகும்.

இதன் காரணம் கிருமியின் வாழ்க்கை முறையில் இருக்கிறது. 1937-இல் ஜப்பானியராகிய சிகாமா என்பவர் விவரித்த இக்கிருமிக்கு, 1951-இல் பிரௌன் என்பவர் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்று பெயரிட்டார். இது மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து 3 முதல் 7 நாள் வரையில் தின்று கொழுக்கும். பிறகு, பெரும்பாலும் இருளில், மீனை விட்டு உதிர்ந்து, அடிமணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். கூட்டினுள் ஓருடல் பலவாகப் பிளவுபட்டு, 200 வரையிலும் நுண்ணிய குஞ்சுகள் உண்டாகும். இவை வெளிப்பட்டு ஓரிரு நாட்களுக்குள் மீனைப் பற்றாவிடில் மடிந்துபோகும். ஆகவே புள்ளி மறைந்தது நோய் தீர்ந்ததாகாது. கிருமி மீனிலிருந்து மண்ணுக்கு இறங்கிற்று என்பதே பொருள். இலையிலுள்ள புழுவைப் பொறுக்கிவிட்டு, மண்ணில் கிடக்கும் கூட்டுப்புழுவை மறந்த குடியானவனின் நிலையே இங்கும் நேருகிறது.

ஆகையால் செய்யவேண்டிய காரியம் இரண்டு. மீன்கள் யாவற்றையும், புள்ளியில்லாதவற்றையுங்கூட, வேறு தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை செய்யவேண்டும். பெரிய தொட்டியை மீனின்றித் தரிசாகப் போடவேண்டும். கூடுகள் சாதாரணமாக 3 முதல் 28 நாட்களுக்குள் வெடிக்குமெனினும், 72-ஆம் நாளில் வெடித்ததும் கண்டறியப்பட்டிருக்கிறது. எனவே 11 வாரம் தரிசு கிடப்பது பத்திரமானது. இறால், நத்தை, பவளம், கடல் தாமரை ஆகியவை அங்கேயே இருக்கலாம்; அவற்றின்மேல் இக்கிருமி பிழைக்காது. வடிகட்டியிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்கள் பட்டினியால் அழியாதபடி அவ்வப்போது ஒரு சிட்டிகை இரை இட்டுவரவேண்டும்.

சிகிச்சைக்கு நெடுநாளாக வழங்கிவருவது செம்பு. திராட்சைக்கும் பாக்குமரத்திற்கும் போர்டோக் கலவை தெளிப்பவர்களுக்கு மயில்துத்தம் நன்கு பழகிய சரக்கு. அந்தப் பழக்கமே இங்கு ஆபத்து. போர்டோக் கலவையில் 100 லிட்டர் ஜலத்திற்கு 1 கிலோ மயில்துத்தம் சேரும். மீன் தொட்டியிலோ லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பே வேண்டற்பாலது. மயில்துத்தத்தில் கால் பங்கே செம்பாதலால், 100 லிட்டருக்கு அதிகம் போனால் 80 மில்லிகிராம். அதாவது முன்னதில் 12,000-இல் ஒரு பங்கும் இல்லை. இதனைக் கைக்கணக்கிலும் கரண்டிக் கணக்கிலும் இடுதல் மீனைக் கொல்வதேயாம். தெளிப்புக்கு வாங்கும் சரக்கை விடுத்து, மீன் தொட்டிக்கென அளவு குறித்து விற்கப்படும் மருந்தையே கொள்ளவேண்டும். இரண்டு மூன்று நாட்களில் சிறிது சிறிதாக அளவை உயர்த்தி, தினம் இருமுறை சோதனை மருந்தினால் செம்பின் அளவைப் பார்த்து, 3 முதல் 6 வாரம் நடத்தவேண்டும். அளவு குறைந்தால் கிருமி சாகாது. மிகுந்தால் மீன் சாகும்.

போர்டோக் கலவையில் சுண்ணாம்பு செம்பைப் பிடித்து நிறுத்துவதுபோல, சிகிச்சைத் தொட்டியில் பவளக்கல்லும் கிளிஞ்சல் மணலும் கிடந்தால் செம்பை ஈர்த்துக்கொள்ளும். ஆதலால் அத்தொட்டி வெறுந்தரையாக இருக்கவேண்டும். மீன் ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு போதும். செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லுமாதலின், பெரிய தொட்டியில் அதை ஒருகாலும் இடலாகாது. கழித்த உப்பு ஜலத்தை வாய்க்காலிலாவது குளத்திலாவது கிணற்றடியிலாவது ஊற்றுதல் கூடாது.

செம்பைத் தாங்காத மீன்களுக்கு உப்பைக் குறைக்கும் முறை உண்டு. கடல் ஜலத்தில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அதை இரண்டு நாட்களில் படிப்படியாக 15 கிராமுக்கு இறக்கி, 3 வாரத்திற்குக் குறையாமல் நிறுத்தினால் கூடுகள் பெரும்பாலும் அழியும். நல்ல உப்புமானி இல்லாதவர் இதில் இறங்க வேண்டாம்; தாழ்ந்த உப்பையும் தாங்கும் கிருமி வகைகள் சில இடங்களில் காணப்பட்டிருக்கின்றன.

மருந்தே வேண்டாத உபாயமும் ஒன்றுண்டு. உழைப்பு மிகுதியெனினும் செலவு குறைந்தது. 3 நாட்களுக்கு ஒருமுறை மீனைப் புதிய ஜலமுள்ள வேறொரு தொட்டிக்கு மாற்றி, பழையதைக் கழுவி நன்கு காயவைக்க வேண்டும். உதிர்ந்த கிருமி கூடு வெடிக்குமுன் மீன் இடம் மாறிவிடுகிறது. இவ்வாறு நான்கு முறை மாற்றினால் மீன் சுத்தமாகும். பழைய ஜலத்தை உடன் கொண்டுசெல்லலாகாது.

உடலில் ரவையாக அன்றிப் பொன்தூள் படிந்தாற்போலத் தோன்றி, ஓரிரு நாட்களில் மீன்கள் மளமளவென்று மடியுமாயின், அது அமிலோடினியம் என்னும் வேறு கிருமி. அதற்கு உப்பைக் குறைத்துக் காத்திருத்தல் வீண். தாமதமின்றிச் செம்புச் சிகிச்சை தொடங்கவேண்டும். பூண்டுச் சாறு கலந்த இரையும், கிருமியைப் பொறுக்கித் தின்னுமென்று விற்கப்படும் இறாலும் இவ்விரண்டு நோய்களையும் தீர்த்ததாக நிலைநாட்டப்படவில்லை. நல்ல ஜலத்தில் சில நிமிஷம் முக்குவதும் தோலடியில் புகுந்த வெண்புள்ளிக் கிருமியை எட்டாது.

புதிதாக வாங்கிய மாட்டைச் சில நாள் தனியே கட்டிவைப்பது போல, புதிய மீனை 4 வாரமாவது தனித் தொட்டியில் வைத்திருக்கவேண்டும். கல், நத்தை, பவளம் ஆகியவற்றின்மேல் கூடுகள் ஒட்டிவரக்கூடுமாதலின், மீனில்லாத வேறொரு தொட்டியில் 11 வாரம் வைத்த பின்னரே அவற்றைச் சேர்க்கலாம். இரண்டு தொட்டிக்கும் ஒரே வலையையும் வாளியையும் வழங்குதல், குறிப்பாக ஈரம் உலராமல் வழங்குதல், இந்த ஏற்பாடு முழுவதையும் ஒரு நொடியில் பயனற்றதாக்கும். பூச்சிமருந்து கரைத்த வாளி எவ்வளவு கழுவியதாயினும் தொட்டிப் பக்கம் வரலாகாது.