குழித்தறியும் இடைவினையும்

இருகாரணி மாறுபாட்டுப் பகுப்பாய்வைப் படிக்கும்போது நம்மில் பலர் வாய்பாட்டை உருப்போட்டு, தேர்வில் அட்டவணையை நிரப்பி, மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். ஆனால் அந்த அட்டவணையில் வரும் ‘இடைவினை’ என்பதற்குப் பொருள் கேட்டால் விழிக்கிறோம். இப்பகுப்பாய்வின் உயிரே அதுதான் என்பது என் எண்ணம். நம் ஆரணித் தறிவீடுகளைக் கொண்டே அதை விளக்க முயல்கிறேன்.

குழித்தறியை வைத்துக்கொள்வதா, குழியை மூடித் தரைக்கு மேல் தறி நிறுத்துவதா என்பது எங்கள் வீட்டில் நெடுநாளைய வழக்கு. (பின்னதை இங்கே மேட்டுத்தறி என்போம்.) கோடையில் காற்று வறண்டால் பட்டுப் பாவின் இழை எளிதில் அறும், குழியின் மண்ணீரம் அதைக் காக்கும் என்பார் என் தந்தையார். மழைக்காலத்தில் அதே ஈரம் மிகுந்து, சில நாள் குழியில் நீரே ஊறுகிறதே என்பார் பெரியப்பா. அறுந்த இழையைப் பிணைக்க நேரம் போகும்; நேரம் போனால் கூலி போகும். தறியை மாற்றுவதற்கோ கையிருப்பெல்லாம் செலவாகும். ஆகவே இது வெறும் வாய்ப்பேச்சு அன்று.

எட்டுத் தறிகளில் ஒரு நாளில் அறும் இழைகளை எண்ணியதாகக் கொள்வோம். எண்கள் கணக்கிற்காக நான் கற்பித்தவை. கோடையில் குழித்தறி இரண்டில் 5, 7. மேட்டுத்தறி இரண்டில் 13, 15. மழைக்காலத்தில் வேறு குழித்தறி இரண்டில் 11, 13. வேறு மேட்டுத்தறி இரண்டில் 3, 5.

குழித்தறிகளின் சராசரி 9. மேட்டுத்தறிகளின் சராசரியும் 9. இதை மட்டும் பார்ப்பவர், எந்தத் தறியானாலும் ஒன்றே என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். பருவத்தைப் பிரித்துப் பாருங்கள். கோடையில் குழித்தறிக்கு 6, மேட்டுத்தறிக்கு 14. மழையில் குழித்தறிக்கு 12, மேட்டுத்தறிக்கு 4. தறியின் பயன் பருவத்தைப் பொறுத்துத் தலைகீழாகிறது. ஒரு காரணியின் விளைவு மற்றொன்றின் நிலைக்கேற்ப மாறுவதே இடைவினை.

வர்க்கங்களின் மொத்தக் கூடுதல் 144. அதில் தறிக்கு 0, பருவத்திற்கு 8, இடைவினைக்கு 128, பிழைக்கு 8. முதல் மூன்றுக்கும் கட்டின்மைக் கூறு ஒவ்வொன்று, பிழைக்கு நான்கு. எனவே பிழையின் சராசரி வர்க்கம் 2. எஃப் மதிப்புகள் தறிக்கு 0, பருவத்திற்கு 4, இடைவினைக்கு 64. ஐந்து விழுக்காட்டு நிலையில் அட்டவணை மதிப்பு 7.71. ஆக, பொருட்படுத்தத்தக்கது இடைவினை ஒன்றே. இந்நிலையில் முதன்மை விளைவுகளைத் தனியே எடுத்துப் பேசுவதில் பயனில்லை. (தறிவகையைக் குலுக்கல் முறையில் ஒதுக்கலாம், பருவத்தை அப்படி ஒதுக்க முடியாது. உண்மைச் சோதனையில் இதை மறக்கலாகாது.)

இந்தச் சிந்தனை வயல்வெளியில் வளர்ந்தது. கோவையில் 1909-இல் தொடங்கிய நிலையான உரச்சோதனையில் தழை, மணி, சாம்பல் சத்துகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் இட்டு விளைச்சலை அளந்தார்கள். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணைக்கு 1919-இல் வந்த ஃபிஷர், 1923-இல் மெக்கன்ஸியுடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 12 உருளைக்கிழங்கு வகைகளை ஆராய்ந்தார். உரம் மாறினால் வகைகளின் தரவரிசையும் மாறுமா என்பதே கேள்வி. மாறவில்லை என்பது விடை. இடைவினை இல்லை என்று அறிவதும் அறிவே அல்லவா? ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்ற வேண்டும் என்ற பழைய கொள்கையை 1926-இல் அவர் வெளிப்படையாகவே மறுத்தார். கணக்கிடும் முறைகளை 1937-இல் யேட்ஸ் நூலாக்கினார். 1931-இல் கல்கத்தாவில் மகலநோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் வழியே இக்கலை நம் நாட்டிலும் வேரூன்றியது.

கோடையில் மட்டும் சோதித்திருந்தால் குழித்தறி வென்றிருக்கும். மழையில் மட்டும் சோதித்திருந்தால் தோற்றிருக்கும். இரண்டு சோதனைகளும் பிழையற்றவையே, ஆனாலும் இரண்டும் நம்மை ஏமாற்றியிருக்கும்.

பாவுக்குப் போடும் கஞ்சி நீர்த்திருப்பதா, கெட்டியாயிருப்பதா என்பதையும் மூன்றாம் காரணியாகச் சேர்த்தால் எட்டுச் சேர்க்கைகள் வரும். இரண்டிரண்டு காரணிகளுக்கிடையே மூன்று இடைவினைகள், மூன்றுக்கும் பொதுவாக ஒன்று. சேர்க்கைக்கு இரண்டு தறி என்றால் 16 தறிகள் வேண்டும். அறுந்த இழைகளை எண்ணி நோட்டில் குறித்துத்தர இதுவரை ஐந்து வீட்டார் இசைந்திருக்கிறார்கள்.