தள்ளிப் போ, கிட்ட வா: நாயின் பேச்சைப் படிக்கும் முறை

"வாலாட்டிக்கிட்டுத்தான நின்னுச்சு தம்பி, பொறவு எதுக்குக் கடிச்சுது?"

தூத்துக்குடி முத்தையாபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து விடியுமுன் உப்பளத்துக்குக் கிளம்பும் அக்கா ஒருவர், கெண்டைக்காலில் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்வி இது. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு சைக்கிளில் போயிருக்கிறார். முக்கில் ஒரு செவலை நாய் நின்றிருக்கிறது. வால் ஆடியதால் பயப்படாமல் அதை ஒட்டியே போயிருக்கிறார்.

"வால் எப்படிக்கா ஆடுச்சு?" என்று கேட்டேன். முழங்கையை விறைப்பாக மேலே தூக்கி, விரல் நுனியை மட்டும் வெடுக் வெடுக்கென்று அசைத்துக் காட்டினார். பதில் அந்தக் கையிலேயே இருந்தது. உடம்பு விறைத்து, வால் கம்பம்போல் நிமிர்ந்து, நுனி மட்டும் துடித்தால் நாய் கொஞ்சவில்லை. "இதுக்கு மேல வராதே" என்கிறது. நாயின் பக்கமிருந்து பார்த்தால், இருட்டில் கண்ணைக் கூசவைக்கும் ஒற்றை வெளிச்சம் தன்னை நோக்கி வேகமாக வந்தது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

நாயின் மனதை அறிய ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் அனுபவம். இந்த நாய் தனக்கும் எனக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கூட்டச் சொல்கிறதா, குறைக்கச் சொல்கிறதா? கோபம், பயம், ஆசை, தனிமை என்று பெயர் வைப்பதெல்லாம் பிறகு. பயந்த நாயும் கோபப்பட்ட நாயும் கேட்பது ஒன்றையே: தள்ளிப் போ.

முதலில் நில்லுங்கள், உடம்பின் பாரத்தைப் பாருங்கள்

பத்தடி தள்ளி நின்று, வாலையும் பல்லையும் விட்டுவிட்டு, நாயின் பாரம் எந்தக் கால்களில் இருக்கிறது என்று பாருங்கள். முன்னங்காலில் சாய்ந்து, கழுத்து நீண்டு, முதுகு மயிர் சிலிர்த்திருந்தால் முன்னேறத் தயார். பின்னங்காலில் பாரத்தை வைத்து உடம்பைத் தாழ்த்திக்கொண்டு குரைத்தால் பயம். வழி கிடைத்தால் ஓடிவிடும், சுவரோரம் மாட்டிக்கொண்டால் கடிக்கும். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கிக் குனிந்தால் விளையாட்டுக்கு அழைப்பு. உடம்பு தளர்ந்து பாம்புபோல் நெளிந்தால் கிட்டே வரச் சொல்கிறது.

மயிர் சிலிர்ப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பயம், கோபம், ஆர்வம் எதிலும் அது சிலிர்க்கும்.

பிறகு வால், ஆனால் அந்த நாயின் இயல்பான வால் எது என்று தெரிந்துகொண்டு

இதில்தான் நம் பக்கத்தில் பலர் தவறுகிறார்கள். கோவில்பட்டி, சாத்தூர் கரிசல் பக்கத்திலிருந்து வரும் சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு மெல்லிய நீண்ட வால் இயல்பாகவே கீழே தொங்கும். முயல் துரத்திய வேட்டை இனங்களின் உடல்வாகு அது. அதைப் பார்த்து "பயந்தாங்கொள்ளி நாய்" என்று சொல்வது நியாயமில்லை. மாறாக, தெருநாய்கள் பலவற்றுக்கு வால் பிறவியிலேயே முதுகின்மேல் சுருண்டிருக்கும். அது திமிர் அல்ல. ஆகவே நாய் நிம்மதியாக நிற்கும் நேரத்தில் வால் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். அங்கிருந்து எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதுதான் செய்தி. பின்னங்கால்களுக்கு நடுவே வயிற்றோடு ஒட்டிக்கொண்டால் கடும் பயம். இடுப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அகலமாக வீசினால் மகிழ்ச்சி.

2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களைக் கவனித்தபோது, சொந்தக்காரரைக் கண்டதும் வால் நாயின் வலப்பக்கம் கூடுதலாகவும், அறிமுகமில்லாத மிரட்டலான நாயைக் கண்டதும் இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடியது. தெருவில் நின்று இதை வெறுங்கண்ணால் அளக்க முடியாது. ஆனால் வாலாட்டம் என்பது ஒரே சொல் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

முகம்

வாய் லேசாகத் திறந்து நாக்கு தளர்ந்து தொங்கினால் நிம்மதி, அல்லது நம் ஊர் வெயிலில் வெறும் சூடு. மூச்சிரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடி உறைந்து நின்றால் நீங்களும் அங்கேயே நில்லுங்கள். கடிக்கு முன் வரும் அமைதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, சாப்பாடு இல்லாதபோது உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல் ஆகியவை சங்கடத்தின் அடையாளங்கள். நார்வே பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் இவற்றைச் சமாதானக் குறிகள் என்று தொகுத்து உலகறியச் செய்தார். குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் படங்களை உங்கள் போனில் எடுத்துப் பாருங்கள். குழந்தை சிரிக்கும், நாய் எந்தப் பக்கம் பார்க்கிறது?

காதைக் கொடுங்கள்

ஹங்கேரியில் பீட்டர் பொங்ராட்ஸ் குழுவினர் ஆட்டுநாய்களின் குரைப்பை வெவ்வேறு சூழல்களில் பதிவுசெய்து மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வில், நாய் வளர்த்தவர், வளர்க்காதவர் என்ற வேறுபாடு அதிகமில்லாமல் குரைப்பின் மனநிலையைக் கேட்டவர்கள் ஓரளவு சரியாகவே ஊகித்தார்கள். நமக்கும் அந்தக் காது இருக்கிறது. கேட்க வேண்டியவை மூன்று: குரல் தடித்ததா மெல்லியதா, கரகரப்பா தெளிவா, ஒரு குரைப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எவ்வளவு?

தடித்த கரகரத்த குரலில் இடைவெளியின்றிப் பொழிந்தால், தள்ளிப் போ. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைத் துரத்தும் குரைப்பு அது. லாரி தானாகவே போய்விடுகிறது; நாயோ தான் விரட்டியதாக நம்பி மறுநாளும் ஓடுகிறது. மெல்லிய தெளிந்த குரலில், விட்டு விட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் குரைத்தால் தனிமை. பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாயிடம் இதைக் கேட்கலாம். "ஓயாமக் குலைக்குது" என்று அதை அடிப்பது கொடுமை. அவிழ்த்து, காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப் போங்கள்.

ஊளைக்கு வருவோம். எமன் வருவது நாய்க்குத் தெரியும் என்று ஆச்சிமார் சொல்வார்கள். கப்பல் சங்கு நீளமாக ஊதும்போது நம் தெருவில் எத்தனை நாய்கள் சேர்ந்து ஊளையிடுகின்றன என்று ஒரு ராத்திரி எண்ணிப் பாருங்கள். ஊளை தொலைவுக்கான குரல்: "நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?"

உறுமலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உறுமும் நாயை அடிக்காதீர்கள். உறுமல் அது உங்களுக்குத் தரும் அவகாசம். அடித்து அடித்து அந்த எச்சரிக்கையை மறக்கடித்தால், பிறகு எச்சரிக்காமல் கடிக்கும் நாய்தான் மிஞ்சும்.

இனி உங்கள் உடம்பு

நாய் உங்களையும் படிக்கிறது. நேருக்கு நேர் முறைக்காமல் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். ஓடாதீர்கள், குனிந்து கல் எடுக்காதீர்கள். சைக்கிளென்றால் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு, வட்டமடித்து மெல்லப் போங்கள். டார்ச்சைத் தரையில் அடியுங்கள். தணிந்த குரலில் பேசுங்கள்.

தெருநாய் நம்மைக் கூர்ந்து பார்க்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் கொல்கத்தா வளாகத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ரா குழுவினர் 160 தெருநாய்களிடம், மூடிய இரண்டு கிண்ணங்களில் ஒன்றைக் கையால் காட்டிச் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வெளியானது. கிட்டே வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. ஆனால் ஏறத்தாழப் பாதி நாய்கள் கிட்டேயே வரவில்லை. அந்தப் பாதியை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. மனிதக் கை எதற்கெல்லாம் உயரும் என்று அவை என்றோ கற்றிருக்க வேண்டும்.

குலசேகரன்பட்டினத்துத் தசரா நாட்களில் இதையெல்லாம் ஒருசேரப் பயிலலாம். காளி, குரங்கு, கரடி வேடம் கட்டியவர்கள் மேளத்தோடு வரும்போது, ஆண்டு முழுக்க வாலைக் குழைத்த நாயும் பின்வாங்கிப் பின்வாங்கிக் குரைக்கும். தலை வடிவம் மாறிவிட்டது, வாசனையோடு அரிதாரம் கலந்துவிட்டது. வேடக்காரர் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பல நாய்களின் வால் தளரும். உங்கள் வீட்டு நாயை அந்தப் பத்து நாளும், தீபாவளி வெடிக்கும், உள்ளறையில் வையுங்கள். கட்டிலடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள்.

ஒரு வாரம் போனில் குரைப்பைப் பதிவுசெய்து, நேரத்தையும் எதைப் பார்த்துக் குரைத்தது என்பதையும் குறித்து வையுங்கள். பழகிய குரல் உங்களுக்குப் பாடமாகிவிட்டால், அது மாறும்போது உடனே தெரியும். அடங்கிய நாய் தொட்டவுடன் சீறினால் எங்கோ வலி. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குரல் கம்மி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல், நடை தள்ளாடினால் வெறிநோயாக இருக்கலாம். யாரும் அருகே போகக் கூடாது.

எந்த நாய் கடித்தாலும், நகம் கீறினாலும், குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். காயத்தைப் பொறுத்து, காயத்தைச் சுற்றியே வேறு மருந்தும் போடுவார்கள். தோலில் போடும் தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு உண்டு. அக்காவின் சீட்டில் கடைசிக் கட்டத்தில் 28-க்கு நேரே தேதி எழுதியிருந்தது. அன்று உப்பளத்தில் வாரும் வேலை என்றார். ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை அக்கா, போய்ப் போட்டுவிட்டு வாங்க என்றேன்.