மெத்தைக்கு அடியில் முடங்கும் சேமிப்பு

இந்தியாவின் மூலதன ஆக்கத்திற்குக் குடும்பங்களின் சேமிப்பே பெரும் ஊற்றாக விளங்குகிறது. ஆனால் அச்சேமிப்பு முழுவதும் வங்கிகளையும் அஞ்சலகங்களையும் வந்தடைவதில்லை. அதில் ஒரு பகுதி ரொக்கமாக வீட்டிலேயே தங்கிவிடுகிறது. மெத்தைக்கு அடியில், அரிசிப் பானைக்குள், புடவை மடிப்பில், டிரங்குப் பெட்டியின் அடியில் என அது தங்கும் இடங்கள் பல. இப்பழக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், அதன் காரணங்களை ஆராயாமல் வகுக்கப்படும் எத்திட்டமும் இப்பணத்தை வெளிக்கொணர இயலாது.

கையிருப்பின் காரணங்கள்

மக்கள் பணத்தைக் கையில் வைத்திருப்பதற்கு மூன்று நோக்கங்கள் உண்டென ஜான் மேனார்டு கீன்ஸ் 1936இல் வகுத்துரைத்தார். அன்றாடக் கொடுக்கல் வாங்கல், முன்னெச்சரிக்கை, ஊக நோக்கம் என்பன அவை. ஏழைக் குடும்பங்களில் முதல் இரண்டுமே மேலோங்கி நிற்கின்றன. நள்ளிரவில் பிரசவ வலி கண்டாலும், உழவு மாடு நோயுற்றாலும் பணம் அந்நேரமே தேவைப்படுகிறது. மேலும், கூலித் தொழிலாளி ஒருவர் மிச்சம் பிடிக்கும் 20 ரூபாயைச் செலுத்த, பேருந்துக் கட்டணமும் அரை நாள் கூலியும் இழந்து வங்கிக்குச் செல்வது அவருக்குக் கட்டுப்படியாகாது.

இவற்றோடு நான்காவதாக ஒரு நோக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது மறைவு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தும், பால் விற்றும், தையல் வேலை செய்தும் பெண்கள் சேர்க்கும் சிறு தொகை, இருப்பது தெரிந்தால் நிலைப்பதில்லை. கணவரின் குடிச் செலவோ, உறவினரின் கைமாற்றோ அதைக் கொண்டுபோய்விடும். இவர்கள் பணத்தை ஒளிப்பது திருடருக்கு அஞ்சி மட்டுமன்று; வீட்டாருக்கு அஞ்சியும் ஆகும்.

நம்பிக்கைக் குறைவு மற்றொரு காரணம். 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபோது வைப்பாளர்கள் பெரும் அச்சத்துக்கு உள்ளாயினர். அதன் விளைவாக 1962 ஜனவரி 1 முதல் வைப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 1,500 ரூபாயாக இருந்த காப்பீட்டு வரம்பு, 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

முடக்கத்தின் விலை

வீட்டில் முடங்கும் பணம் எண்ணிக்கையில் குறையாவிடினும் மதிப்பில் குறைகிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயருமாயின், 12 ஆண்டுகளில் ஒரு பொருளின் விலை இரு மடங்காகும். இன்று ஒளித்து வைத்த 10,000 ரூபாய் அன்று, இன்றைய 5,000 ரூபாய்க்கு உரிய பொருளையே வாங்கும். கரையானும் ஈரமும் விளைவிக்கும் சேதம் வேறு. 50 ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டுகளில், எஞ்சிய மிகப் பெரிய துண்டு 80 சதவீதப் பரப்புக்கு மேல் இருந்தால்தான் முழு மதிப்பும் கிடைக்கும். 40 முதல் 80 சதவீதம் வரை எனில் பாதி மதிப்பே. அதற்கும் குறைந்தால் ஒன்றும் இல்லை. இவற்றுக்கு மேலாக, வங்கியில் நடமாட்டம் இல்லாத குடும்பம், கையில் பணம் போதாத நாளில் கந்து வட்டிக்காரரை நாட வேண்டியதாகிறது.

2016 கற்பித்தது

1946லும் 1978லும் உயர் மதிப்பு நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டபோது சாமானிய மக்கள் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை; அத்தகைய நோட்டுகள் அவர்கள் கையில் இருந்ததில்லை. 2016 நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்ட நடவடிக்கையோ 500 ரூபாய் நோட்டையும் தொட்டது. புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாததாயிற்று. பல ஆண்டுகளாக மறைத்துச் சேர்த்த பணத்தைப் பெண்கள் வீட்டார் முன் எடுத்து வைக்க நேர்ந்தது. இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான இல்லத்தரசிகளின் வைப்பு குறித்துக் கேள்வி எழுப்பப்படாது என அரசு அறிவித்தது. வரி அச்சம் அதனால் நீங்கியிருக்கலாம். போன மறைவு திரும்பவில்லை.

அதன் பின்னரும் ரொக்க நாட்டம் குறையவில்லை. அந்நடவடிக்கைக்குச் சற்று முன்னர் சுமார் 17.7 லட்சம் கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், 2021 மார்ச் இறுதியில் 28 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2020இல் பரவிய பெருந்தொற்றின்போது முன்னெச்சரிக்கை நோக்கம் மேலும் வலுப்பெற்றது.

செய்யத் தக்கவை

வங்கியை மக்களிடம் கொண்டுசெல்லும் முயற்சி நெடியது. 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அப்போது 1,800க்குச் சற்று மேற்பட்டிருந்த ஊரகக் கிளைகள் 1991இல் 35,000ஐக் கடந்தன. 1975இல் வட்டார ஊரக வங்கிகளும், 1992இல் சுய உதவிக் குழுக்களை வங்கியுடன் இணைக்கும் திட்டமும், 2006இல் வங்கித் தொடர்பாளர் முறையும் வந்தன. 2014இல் தொடங்கிய ஜன் தன் திட்டத்தின் கணக்குகள் 2023 ஆகஸ்டில் 50 கோடியைத் தாண்டின. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பெண்களுடையவை.

கணக்கு திறப்பது முதற்படி மட்டுமே. எந்நேரமும் எடுக்கலாம், எவ்வளவு சிறிய தொகையும் வைக்கலாம், படிவம் நிரப்ப வேண்டியதில்லை, எவரும் அறியார் என்னும் நான்கு வசதிகளை மெத்தை அளிக்கிறது. முதல் மூன்றை வங்கித் தொடர்பாளரும் கைப்பேசிப் பணப் பரிமாற்றமும் ஓரளவு ஈடுசெய்கின்றன. நான்காவதுதான் பெரிதும் புறக்கணிக்கப்படுகிறது. மனைவியின் கணக்கில் கணவரின் கைப்பேசி எண் பதிவாகியிருப்பின், அவர் செலுத்தும் ஒவ்வொரு ரூபாயும் கணவருக்கு அறிவிக்கப்படுகிறது. அத்தகைய கணக்கில் அவர் பணம் போடத் தயங்குவதில் வியப்பில்லை.

ஆகவே, கிளை அலுவலர்கள் திறக்கப்பட்ட கணக்குகளை எண்ணுவதோடு அமையாமல், மாதந்தோறும் பணம் செலுத்தப்படும் கணக்குகளையும் எண்ணுதல் வேண்டும். தொடர்பாளரிடம் கேட்ட நாளில் கேட்ட தொகை கிடைப்பதை உறுதி செய்தல் வேண்டும். பெண்களின் கணக்கு விவரம் அவர்களை மட்டுமே சேரும் வகையில் பதிவுகளைச் சரிபார்த்தல் வேண்டும். இவை பெரும் செலவு பிடிக்கும் பணிகள் அல்ல. முறையாகச் செய்யப்படின், வீட்டில் முடங்கிய சேமிப்பு அதற்கு உரியவரின் விருப்பத்தோடே வங்கியை வந்தடையும்.