தெரியாது என்றால் தீருமா?

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக எண்ணிக்கொள்ளுமாம். மனிதரிலும் சிலர் அப்படித்தான். தவறு வெளிப்படும் வேளையில் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லி நழுவப் பார்க்கிறார்கள். கணிப்பொறி புகுந்துவிட்ட அலுவலகங்களிலும் இந்தச் சொல் ஒலிக்கிறது.

கணிப்பொறியை இயக்கும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். நூலைப் போலவே அதுவும் பிறருடைய உழைப்பு. விலை கொடுத்து நாம் பெறுவது, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே. ஒரு கணிப்பொறிக்கு உரிமம் வாங்கிப் பத்துக் கணிப்பொறிகளில் பதிந்தால், மற்ற ஒன்பதும் திருட்டு நகல்களே. ஏன் என்று கேட்டால், தட்டச்சு செய்பவர் "மேலாளர் கொடுத்தார்" என்பார். மேலாளர் "கணிப்பொறி விற்றவர் போட்டுத் தந்தார்" என்பார். விற்றவரோ "அவர்கள் பில் கேட்கவில்லையே" என்பார். பழி கைமாறிக்கொண்டே போகும். பொறுப்பேற்பார் ஒருவரும் இரார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 63-பி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. திருட்டு நகல் என்று அறிந்தே மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 இலட்சம் வரை அபராதமும் உண்டு. தொழிலுக்காகவோ ஆதாயத்துக்காகவோ பயன்படுத்தவில்லையெனில் நீதிமன்றம் சிறையை விலக்கி, ரூ. 50,000 வரை அபராதம் மட்டும் விதிக்கலாம்.

‘அறிந்தே’ என்னும் சொல்லைக் கவனியுங்கள், தோழியரே! உண்மையாகவே ஏமாந்தவரை இப்பிரிவு தண்டிப்பதில்லை. ஆனால், "இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது" என்றால் நீதிமன்றம் ஏற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் போலவே, சட்டம் அறியாமையை மன்னிப்பதில்லை.

ஆகவே அறியாமை இரு வகை. அறிய வழியின்றி அறியாதிருப்பது ஒன்று. அறிந்தால் தொல்லை என்று கேளாதிருப்பது மற்றொன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லைத் தீர விசாரியாமல் நம்பினான். கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது, "அவன் சொன்னான், நான் அறியேன்" என்று அவன் நழுவவில்லை. பழியைத் தானே ஏற்றான்.

உரிமம் வாங்கப் பணமில்லையென்றாலும் நேர்வழி உண்டு. 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் ‘பாஸ் லினக்ஸ்’ மென்பொருளும் இடம்பெற்றது. இத்தகைய கட்டற்ற மென்பொருளைச் செலவின்றிப் பதியலாம், பிறருக்கும் நகலெடுத்துத் தரலாம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. அவற்றையும் படித்தறிதல் வேண்டும்.

எங்கள் பனமலையிலிருந்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வேலைக்குச் செல்லும் அக்காமார் பலர் கணிப்பொறியின் முன்தான் அமர்கிறார்கள். நாளை நாமும் அமர்வோம். அன்று மூன்று கேள்விகளைப் பணிவோடு கேட்போம்: உரிமம் யார் பெயரில் உள்ளது? எத்தனை கணிப்பொறிகளுக்கு? ரசீது எங்கே? புதிதாக வந்தவள் கேட்டால் சிலர் முகம் சுளிக்கலாம். வேலை போய்விடுமோ என்ற அச்சமும் எழலாம். ஆயினும் கேட்காமலிருந்துவிட்டுப் பிறகு "தெரியாது" என்பதைவிட, கேட்டுத் தெரிந்துகொள்வதே நேர்மை. கேட்கக் கற்போம், பொறுப்போடு வாழ்வோம்!