கரை எங்கே போகிறது?

கேள்வி: கனகசெட்டிக்குளத்தில் படகு ஏற்றும் மணல் குறைகிறதே, புதுச்சேரி துறைமுகம்தான் காரணமா?

பதில்: ஆரம்பம் அங்கேதான். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மேடு தட்டியது, வடக்கே நகரக் கடற்கரையே காணாமல் போனது. பிறகு ஒரு குப்பத்தைக் காக்கக் கல் கொட்டினால், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு ஏறிவந்தது. இந்த வடக்குக் கரையில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. காலாப்பட்டும் உங்கள் ஊரும் புதுச்சேரி. இரண்டு அரசுகளும் தனித்தனியே கல் கொட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃபைபர் படகைக் கல்மேல் இழுத்தால் அடி கிழியும். வலை உலர்த்தவும் இடமிருக்காது. துறைமுகத்தருகே தேங்கும் மணலை வாரி வடக்கே சேர்க்கும் வேலை ஆண்டுதோறும் தடையின்றி நடக்க வேண்டும். அதை இரு அரசுகளிடமும் சேர்ந்தே கேளுங்கள்.