பருவம் வந்தால் போதுமா?
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவர் ஒருவர்)

ராஜபாளையம் நாய் என்றதும் பால் வெள்ளை நிறமும் ரோஜா நிற மூக்குமே நம் நினைவுக்கு வரும். 2005-இல் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. இதையும் சிப்பிப்பாறை, கோம்பை முதலிய நம் நாட்டு இனங்களையும் காக்க, கிண்டியை அடுத்த சைதாப்பேட்டையில் 1980களின் தொடக்கத்தில் அரசே ஓர் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது.

எங்கள் வீட்டிலும் மாமா கொடுத்த ராஜபாளையம் பெண்நாய் ஒன்று உண்டு. ஒன்பதாம் மாதத்தில் அது முதன்முறையாகப் பருவத்துக்கு வந்தது. "இப்பவே இணை சேர்த்துருங்க, தம்பி படிப்புச் செலவுக்கு ஆகும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. அப்பா தொழிற்பேட்டையில் இரவுக் காவலர். அவருக்கு அது கசக்குமா? இருந்தும் என்னைப் பார்த்து, "நீதான் படிக்கியே, நீயே சொல்லு" என்றார்.

பருவத்துக்கு வருவது வேறு, தாயாகத் தகுதி பெறுவது வேறு. சுமார் 63 நாள் சினையையும் பின்னர் பாலூட்டலையும், தானே வளர்ந்து முடியாத உடல் எப்படித் தாங்கும்? 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்கின்றன. அடுத்தடுத்த இரு பருவங்களில் ஈனச் செய்யலாகாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது.

வயது எண்ணுவது எளிது. கடினமானது செவி. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் உட்செவிக்கும் தேவை. மேனியை வெளுக்கச் செய்யும் மரபணு அவற்றை அங்கும் இல்லாமல் செய்துவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலி உணரும் செல்கள் அழிந்துவிடும். நாம் காசு கொடுத்துத் தேடும் அதே வெண்மைதான்! கைதட்டிப் பார்த்தால் இரு காதும் கேளாத குட்டி அகப்படும். ஒரு காது மட்டும் கேளாதது திரும்பிப் பார்த்துத் தப்பிவிடும், பிறகு குறையைத் தன் குட்டிகளுக்குக் கடத்தும். மூளைத்தண்டின் மின்னலைகளை அளக்கும் சோதனையே இதைத் திட்டமாகக் காட்டும்.

எங்கள் நாய் வலக்காதைத் தரையில் வைத்து உறங்கினால் அப்பாவின் சைக்கிள் மணிக்கு எழுந்துவிடும். இடக்காதை வைத்து உறங்கினால் எழாது. பத்து நாள் குறித்து வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். வலக்காது கேளாதென்றே அவரும் கருதினார்.

பதினெட்டு மாதம் கடந்தும் இணை சேர்க்கவில்லை, கருத்தடை செய்தோம். அண்ணாச்சிக்கு இன்னும் வருத்தந்தான். இவ்வாண்டுத் தேர்வுக் கட்டணம் அப்பாவின் ஓவர்டைமில் வந்தது.